மாப்பிள்ளையின் பிலிருபின்

ஆய்வுகூடத்தில் என்னிடம் கடைசியாக வேலை பழகியவள் பிரியா. ரொறன்ரோவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. போன மாதம் வீட்டுக்கு வந்து, "அன்ரி, அந்தக் காலத்து லாப் எப்பிடி இருந்தது எண்டு எழுதித் தாங்கோவன். நியூஸ்லெட்டர்ல போடுவம். லைக், ஃபன்னியா இருந்தா பெட்டர்," என்றாள். நான் வேடிக்கையான ஆள் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. என்னோடு வேலை செய்தவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். எதையும் எடுத்த எடுப்பில் நம்பாதவள் என்றுதான் எனக்கு அங்கே பெயர்.

இருந்தாலும் எழுத ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இப்போதெல்லாம் காலையில் இரத்தம் கொடுத்தால் பின்னேரம் முடிவு கைபேசிக்கு வந்துவிடுகிறது. வைத்தியர் பார்க்கும் முன்பே பிள்ளைகள் பார்த்துவிடுகிறார்கள். ஒரு எண் கொஞ்சம் கூடினாலும் பக்கத்தில் சிவப்புக் குறி விழும். உடனே எனக்கு அழைப்பு. "அன்ரி, எனக்கு ஈரல் பழுதாம்." இருபத்தைந்து வயது இருக்காது, குரல் நடுங்கும். நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஆர் சொன்னது?"

ஈரல் பரிசோதனை என்று ஒற்றைப் பரிசோதனை கிடையாது. அது நாலைந்து எண்களின் கூட்டம். சில எண்கள் ஈரலின் கலங்கள் அடிபடும்போது ஏறும். இன்னொன்று மதுவுக்கு ஏறும், சில மருந்துகளுக்கும் ஏறும். பிலிருபின் என்பது பழைய சிவப்பணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் பொருள். ஈரல்தான் அதைக் கழித்துவிட வேண்டும். அது தேங்கினால் கண் மஞ்சளாகும், நாங்கள் செங்கமாரி என்போம். 'சரியான அளவு' என்று ஓரத்தில் அச்சடித்திருக்கும் எல்லையும் சுகமாக இருந்தவர்களிடம் அளந்து எடுத்ததுதான். சுகமானவர்களிலேயே சிலர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பார்கள். இவ்வளவும் தெரிந்த நானே ஒருமுறை ஒரு பொடியனை நம்பாமல் நாட்கணக்காக நித்திரை இழந்தேன். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன், வேடிக்கையா இல்லையா என்று பிரியா பார்த்துக்கொள்ளட்டும்.

கொழும்பில் படித்து, அங்கேயே சில வருடம் வேலை செய்து, எண்பத்து மூன்றில் நானும் கணவரும் ரொறன்ரோ வந்து சேர்ந்தோம். என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திரும்பப் பரீட்சை எழுது என்றார்கள். எழுதினேன். இடையில் பிஸ்கட் தொழிற்சாலை, ஒரு முதியோர் இல்லத்துச் சலவை அறை. பிறகு ஸ்கார்பரோப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. அவ்வளவுதான் என் பயிற்சிக் கதை.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் மிஸிஸ் பிரின்டில். மெலிந்த, நெட்டையான ஆங்கிலேயப் பெண். சட்டையில் தலைகீழாகக் குத்திய மணிக்கூடு. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. வழமைக்கு மாறான முடிவு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால், நிமிர்ந்து பார்க்காமலே, "இதை யார் சொல்வது?" என்பார். இயந்திரம் என்றால், "அப்படியென்றால் இயந்திரத்திடம் இன்னொருமுறை கேள்." இரண்டாம் முறையும் அதே எண் வந்தால் குழாயைக் கேட்பார். ஒரு வெள்ளை அட்டைக்கு எதிரே குழாயைப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த பிறகு மேலே நிற்கும் தெளிந்த நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு அடித்தால் எடுக்கும்போதே அணுக்கள் உடைந்துவிட்டன, அந்த இரத்தம் பொய் சொல்லும். மஞ்சள் தூக்கலாக இருந்தால் பிலிருபின். வெளிச்சம் பட்டால் பிலிருபின் குறைந்துவிடும் என்பதால் அந்தக் குழாய்களை ஈயத்தாளில் சுற்றி வைப்போம். சுற்றின தாளில் ஒரு கீறல் வெளிச்சம் புகுந்தாலும் மிஸிஸ் பிரின்டிலுக்கு அந்தக் குழாய் ஆகாது. குழாயில் பிழை இல்லையென்றால் கடைசியாக எங்களைச் சந்தேகிப்பார். எனக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அவருடைய குணம் என்னோடு நன்றாகவே பொருந்தியது.

எண்பத்தாறாம் ஆண்டு, மரங்கள் இலை கொட்டத் தொடங்கிய காலம். என் தங்கை வசந்தி எங்களோடு இருந்தாள். அவளுக்கு ரவீந்திரன் என்ற பொடியனைப் பேசி முடித்திருந்தோம். பருத்தித்துறைப் பக்கம் ஊர். இருபத்தைந்து வயது. ஐந்தாறு பொடியன்களோடு ஒரு மாடிக் குடியிருப்பில் அறை. ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டு, சாமான் விநியோகிக்கிற வான் ஓட்டும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான், அதற்கு வைத்தியரின் சான்றிதழ் தேவை. அந்த வேலை கிடைத்ததும் கலியாணம் என்று பேச்சு. தை மாதத்துக்கு நாளும் பார்த்தாயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை வந்த குழாய்களில் ஒன்று கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. நாங்கள் குழாயில் ஒட்டிய இலக்கத்தை வைத்துத்தான் வேலை செய்வோம், பெயரைப் பார்ப்பதில்லை. பிலிருபின் எல்லைக்குச் சற்று மேலே. மற்ற எண்கள் எல்லாம் அமைதியாக இருந்தன. திரும்பச் செய்தேன், அதேதான். முடிவை எழுதும்போதுதான் பெயரைக் கண்டேன். ரவீந்திரன். பிறந்த தேதியும் அவனுடையது, சாதகம் பார்க்க நானே கொடுத்த தேதி.

அன்று பின்னேரம் அவன் வழமைபோல வீட்டுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு நாள். நான் இடியப்பமும் சொதியும் எடுத்து வைத்தேன்.

"வேண்டாம் அக்கா, இப்பதான் சாப்பிட்டிட்டு வாறன்."

இது அவன் வழக்கமாகச் சொல்வது. அதுவரை நான் அதைக் கூச்சம் என்று எடுத்திருந்தேன். அன்று கிட்டப் போய்த் தேத்தண்ணீரை நீட்டினேன், அதையும் வேண்டாம் என்றான். அப்போது அவன் வாயிலிருந்து ஒரு மணம் வந்தது. பழம் அளவுக்கு மீறிக் கனிந்தது போன்ற ஒரு இனிப்புப் புளிப்பு. அதற்கு மேலே ஏலக்காய். ஏலக்காய் மென்று மறைக்கிற மணம் என்னவென்று ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழியில் ஒரு பழுப்பு. கதிரை நுனியில் களைத்துப்போய் இருந்தான். வசந்தி பக்கத்திலிருந்து எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் போனதும் கணவர் சொன்னார்: "நல்ல பொடியன். மரியாதை தெரிஞ்சவன்."

"வாயில என்ன மணம் எண்டு பாத்தனீங்களே?"

"இஞ்சேரும், அவன்ர வாயை மணந்து பாக்கிறதோ என்ர வேலை?"

இவரிடம் அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஆய்வுகூடத்தில் கண்டதை வாசலுக்கு வெளியே கொண்டு போகக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே சத்தியம் வாங்கியிருந்தார்கள். சந்தேகம் மட்டும் என்னோடு நடந்து வீட்டுக்கு வந்துவிட்டது.

இரண்டு கிழமை கழித்து அவனுடைய இரத்தம் மறுபடி வந்தது. அதுவும் வெள்ளிக்கிழமை. இந்த முறை அவனுடைய குடும்ப வைத்தியர் குறிப்பு ஒன்றும் எழுதியிருந்தார்: 'மதுப் பழக்கமா?' வான் ஓட்டப் போகிறவனுக்கு அந்த ஒரு கேள்வி போதும், வேலை போய்விடும். வேலை போனால் கலியாணம் தள்ளும். அவன் குடிக்கிறவன்தான் என்றால் கலியாணமே நடக்கக்கூடாது. எங்கள் மாமா ஒருவர் குடித்தே மாமியைத் தின்றவர். என் தங்கை அப்படி ஒரு வீட்டில் இருப்பதை நினைக்கவே எனக்கு முடியவில்லை.

குழாயைத் தொடாமல் மிஸிஸ் பிரின்டிலிடம் போனேன். "இந்த ஆளை எனக்குத் தெரியும். என் தங்கையைக் கட்டப்போகிறவர்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "முதல் முறை வந்ததை நீயா செய்தாய்?"

"ஓம். பெயரைப் பிறகுதான் பார்த்தேன்."

"தங்கைக்குச் சொன்னாயா?"

"இல்லை."

"கணவனுக்கு?"

"இல்லை."

நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார், வெள்ளை அட்டைக்கு எதிரே குழாயைப் பார்ப்பதுபோல. பிறகு, "இனி இந்தப் பெயரில் வருவது எதையும் நீ தொடக்கூடாது. தங்கைக்குச் சொன்னாயென்று கேள்விப்பட்டால் அடுத்த நாள் நீ இங்கே இருக்க மாட்டாய்," என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் மேலங்கியைக் கொழுவும்போது பக்கத்தில் வந்து, "சொல்லிவிட்டாயா?" என்று கேட்பார். "இல்லை," என்பேன். நம்பினாரோ என்னவோ, அடுத்த காலையும் கேட்பார்.

வீட்டில் கலியாண வேலை மும்முரமாக நடந்தது. நான் எனக்குத் தெரிந்த வழியில் சோதனைகள் செய்தேன். ஒருநாள் கணவரிடம், "அவன் வந்தா ஒரு கிளாஸ் விஸ்கி குடுத்துப் பாருங்கோ," என்றேன். இவருக்கு அது பிடித்துப்போய்விட்டது, மனைவியே போத்தலை எடுத்துக் கொடுக்கிற நாள் தினமும் வராது. ரவி கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டான். மறுத்தானே என்று நிம்மதி வரவேண்டும். எனக்கு வந்தது வேறு யோசனை. புதிதாகக் குடிக்கிறவன் பெண் வீட்டில் ஒரு மிடறு வாங்குவான். மறைக்கப் பழகினவன்தான் இவ்வளவு சுத்தமாக மறுப்பான். போத்தலை இவர் தனியாகத் தீர்த்தார்.

மது என்றால் ஏறவேண்டிய எண் ஒன்று முதல்முறை அசையாமல் இருந்ததை நானே பார்த்தவள். வேறு யாருடைய இரத்தமாக இருந்தாலும் வைத்தியரின் கேள்விக்குறியை அந்த இடத்திலேயே சந்தேகித்திருப்பேன். தங்கச்சியின் மாப்பிள்ளை என்றதும் படித்ததெல்லாம் பின்னால் போய், மாமாவின் முகம் முன்னுக்கு வந்து நின்றது.

கார்த்திகை முடிவில் ஒரு செவ்வாய்க்கிழமை. பின்னேரம் மிஸிஸ் பிரின்டில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் ஈயத்தாள் சுற்றிய குழாய் ஒன்று.

"உன் மாப்பிள்ளையின் இரத்தம். இன்று காலை வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. பிலிருபினும்."

பழைய முடிவுத் தாள்கள் இரண்டையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

"இரண்டு முறை கூடுதல். இன்று சரி. இதை யார் சொல்வது?"

"இயந்திரம்."

"இயந்திரத்திடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். குழாயையும் பார்த்தேன். இனி உன்னைத்தான் கேட்க வேண்டும். இந்தக் குழாய் வந்த நேரம் நீ எங்கே இருந்தாய்?"

அவர் என்ன கேட்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. தங்கையின் கலியாணத்துக்காக நான் குழாயை மாற்றிவிட்டேன் என்று நினைக்கிறார். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டு, சிறுநீர்ப் பகுதியில் நின்றேன், கூட நின்றவர்களைக் கேளுங்கள் என்றேன். அவர் போய்க் கேட்டார். ஒவ்வொருவராகக் கேட்டார்.

வெளியே வந்து நின்றபோது எனக்குள்ளும் அதே கேள்விதான் ஓடியது. இவன் தனக்குப் பதிலாக அறையிலிருக்கிற பொடியன் ஒருவனை அனுப்பி இரத்தம் கொடுக்க வைத்துவிட்டானோ? ஆக, குடிகாரன் மட்டுமில்லை, கள்ளனும் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த நாள் காலை மிஸிஸ் பிரின்டில் வந்தார். "வைத்தியரோடு தொலைபேசியில் கதைத்தேன். உன் மேல் பிழை இல்லை." அவ்வளவுதான். என்ன காரணம் என்று கேட்டேன். "அது உனக்குரிய விஷயம் அல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் இல்லை.

அன்று பின்னேரம் வீட்டுக் கதவைத் திறக்கிறேன், வசந்தி குசினியில் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, இரு. உனக்கொரு கதை சொல்லவேணும். இவருக்கு வேலை சரி வந்திட்டுது."

"நல்லது."

"அது லேசில வரேல்லை. இரத்தத்தில ஏதோ கூடவாம் எண்டு டொக்டர் மறிச்சு வைச்சவர். குடிக்கிறனியோ எண்டு முகத்துக்கு நேரே கேட்டிட்டாராம். இவர் வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. போன கிழமைதான் எனக்குச் சொல்லி அழுதவர். நான் கேட்டன், நீங்கள் ஏன் வெள்ளிக்கிழமையில எங்கட வீட்டில ஒண்டும் வாயில வைக்கிறேல்லை எண்டு."

ரவியின் தமையனை ஊரில் இராணுவத்தார் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி இல்லை. தமையன் வீடு வந்து சேரும்வரை வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் மட்டும் என்று அவன் முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தான். வியாழன் மத்தியானம் சாப்பிட்டால் அடுத்த சாப்பாடு சனி காலை. நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்று யாருக்கும் சொல்லவில்லை. விரத வாய் மணக்கும் என்று ஏலக்காய் மென்றான். லீவு நாள் வெள்ளி, அதனால் இரத்தம் கொடுக்கப் போனதும் வெள்ளி.

"நான்தான் சொன்னன், சாமி கோவிக்காது, டொக்டருக்குச் சொல்லுங்கோ எண்டு. சொன்ன உடன அந்தாள் நெத்தியில அடிச்சுக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டிட்டு வேறொரு நாள் போய் ரத்தம் குடு எண்டவராம். நேற்றுப் போனவர். எல்லாம் சரியாம். பிறப்பிலேயே சில பேருக்கு அப்பிடியாம், ஈரல் அந்த மஞ்சளைக் கொஞ்சம் மெதுவாத்தான் கழிக்குமாம். பட்டினி கிடந்தாக் கூடுமாம். வருத்தமே இல்லையாம்."

அந்த நிலைக்கு ஒரு பிரெஞ்சு வைத்தியரின் பெயர் உண்டு. நான் பரீட்சைக்கு இரண்டு தரம் படித்தது. பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வாயில் வரும் மணத்தையும் படித்திருக்கிறேன். சிறுநீர்ப் பகுதியில் அதற்குத் தனியாகச் சோதனையே செய்வோம். கதிரையை இழுத்து இருந்தேன். அப்பாடா என்று மூச்சு வந்தது. "நல்லது வசந்தி," என்றேன்.

அவள் சிரிப்பு மெதுவாக நின்றது.

"அக்கா, நீ ஏன் திடுக்கிடேல்லை?"

"என்னத்துக்கு?"

"அவரைக் குடிகாரன் எண்டு டொக்டர் சொன்னதெண்டு சொல்லுறன். நீ திடுக்கிடேல்லை. ரத்தத்தில என்ன கூட எண்டும் கேக்கேல்லை. நீ எல்லாத்தையும் நோண்டிக் கேக்கிறனி." கொஞ்சம் யோசித்தாள். "அவர் ரத்தம் குடுத்தது உங்கட ஆஸ்பத்திரியில, என்ன?"

நான் வாய் திறக்கவில்லை. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"அதை நான் கதைக்க ஏலாது."

"விஸ்கி குடுத்ததும் அதுக்குத்தான்."

"வசந்தி, வேலையில கண்டதை வெளியில சொல்ல ஏலாது. ஆருக்கும் ஏலாது."

"சரி, சொல்ல ஏலாது. ஆனா நீ அவரைக் குடிகாரன் எண்டு நம்பினனி. நம்பிக்கொண்டே என்னோட கடைக்கு வந்து கூறைச் சேலைக்கு நிறம் தெரிஞ்செடுத்தனி. அரக்கு வேண்டாம், மயில்கழுத்து எடு எண்டு சொன்னனி." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அவர் உண்மையாவே குடிகாரனா இருந்திருந்தா? தாலி கட்டுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருப்பியோ?"

அந்தக் கேள்வியை நானே எத்தனையோ இரவு என்னிடம் கேட்டிருந்தேன். அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியாது," என்றேன்.

"இனி எனக்கு ஒரு வருத்தம் வந்து, அது உன்ர கையில வந்தாலும், இப்பிடித்தான் பாத்துக்கொண்டு இருப்பியோ?"

"ஓம். அப்பிடித்தான் இருக்கவேணும்."

இதை எழுதும் இன்றும் அந்தப் பதிலை நான் மாற்ற மாட்டேன். பிரியா, நீயும் மாற்றக்கூடாது. கைபேசியில் எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கிற காலத்தில் இது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். நான் அன்று வாய் திறந்திருந்தால் ஒரு நேர்த்திக்காரனைக் குடிகாரன் என்று சொல்லிக் கலியாணத்தைக் குலைத்தவளாக இருந்திருப்பேன். அதைச் சொல்லி வசந்தியைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அவள், "அது உனக்குப் பிறகுதானே தெரிஞ்சது," என்று சொல்லிவிட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை இறக்கி வைத்தாள்.

தை மாதம் கலியாணம் நடந்தது. மயில்கழுத்து நிறக் கூறையைத்தான் உடுத்தினாள். எங்களுக்கு அடுத்த தெருவிலேயே குடியிருப்பு எடுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகச் சமைத்தோம், அக்கா என்று கூப்பிடுவதை அவள் நிறுத்தவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி அவளுடைய சமையலறை ஜன்னலில் தெரியும், நடந்து போகலாம். எண்பத்தெட்டில் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரத்தப் பரிசோதனைக்கு எல்லாம் பஸ்ஸும் சப்வேயும் மாறி நகரத்தின் மற்றக் கரையில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். பனி கொட்டிய ஒரு காலையில் நோவு கண்டபோது, ரவி டாக்சிக்காரனிடம் எங்கள் ஆஸ்பத்திரியின் பெயரைத்தான் சொன்னானாம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அங்க வேண்டாம், அக்கா நிப்பா," என்றாளாம்.